காற்றில் போவது கடைசிச் சில மீட்டர்தான்

மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்



ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தகவல் போகும் பாதைக்குக் கடத்தும் ஊடகம் என்று பெயர். செம்புக் கம்பியும் கண்ணாடி இழையும் ஒரு வகை. அவற்றில் சைகை வடத்துக்குள் அடங்கிப் போகிறது. ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்புக் கதிர் ஆகியவை மற்றொரு வகை. அவற்றில் சைகை வெட்டவெளியில் பரவிப் போகிறது. இதைச் சொல்லி முடித்ததும் கரும்பலகையில் நடுக்கோடு கிழித்து, இந்தப் பக்கம் நிறை, அந்தப் பக்கம் குறை என்று அட்டவணை போடுவது வகுப்பறை வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர், இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி என்றும், கம்பி போன தலைமுறையின் சங்கதி, காற்றுதான் இனி எல்லாம் என்றும் நினைத்துக்கொண்டு வெளியே போகிறார். நடப்பு வேறு.

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் ஒருவர் கைபேசியில் படம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். படம் சிங்கப்பூரில் உள்ள ஒரு கணினியில் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக் கடற்கரை வரை கடலுக்கடியில் கண்ணாடி இழை. சென்னையிலிருந்து ஊர் இணைப்பகம் வரை மண்ணுக்கடியில் கண்ணாடி இழை. அங்கிருந்து வீட்டுச் சுவர் வரை மின்கம்பத்தில் தொங்கும் கண்ணாடி இழை. சுவரிலுள்ள பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு முழச் செம்புக் கம்பி. ரவுட்டரிலிருந்து கைபேசி வரை உள்ள நான்கைந்து மீட்டர் மட்டுமே காற்று. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில் கம்பியில்லாத பகுதி அவ்வளவுதான். வைஃபை என்பது கம்பிக்கு மாற்று அன்று. கம்பியின் கடைசி முனை.

எந்த ஊடகத்தையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். தூரம் போகப் போகச் சைகை எவ்வளவு தேய்கிறது? வழியில் இரைச்சல் எவ்வளவு கலக்கிறது? அதே பாதையை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? 1948இல் கிளாட் ஷானன் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு பாதையில் பிழையின்றி அனுப்பக்கூடிய தகவலுக்கு உச்ச வரம்பு உண்டு என்றும், அதைப் பாதையின் அலைவரிசை அகலமும் இரைச்சலுக்கு எதிரே சைகையின் வலுவும் தீர்மானிக்கின்றன என்றும் காட்டியது. அதற்குப் பின் வந்த வடங்களும் அலைக்கற்றைகளும் அந்த வரம்பை நெருங்குவதற்கான முயற்சிகளே.

தேய்மானத்தை டெசிபெலில் அளப்பார்கள். 10 டெசிபெல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 என்றால் நூறில் ஒரு பங்கு. இந்த ஒரு அளவை மாணவர் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

கடைக்காரரும் கேபிள் இழுப்பவரும் லேன் கேபிள் என்று சொல்வதுதான் பாடநூலின் முறுக்கு இணை வடம். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் வெள்ளை கலந்த ஒரு துணை. முறுக்கு எதற்கு என்று கேட்டால் பலர் உறுதிக்காக என்று விடை எழுதுகிறார்கள். அது தவறு. இணையின் இரு கம்பிகளிலும் சைகை எதிரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் முறுக்கியிருப்பதால் இரண்டின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுகிறது. மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ள, பொதுவாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்காக யோசித்தது இன்றும் வேலை செய்கிறது. நான்கு இணைகளையும் ஒரே நெருக்கத்தில் முறுக்குவதில்லை. ஒன்றின் சைகை பக்கத்து இணையில் ஏறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முறுக்கு. வடத்தின் தோலை உரித்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆர்.ஜே.45 முனையைக் கிரிம்ப் செய்யும்போது வசதிக்காக முறுக்கை நீளமாகப் பிரித்துவிடுவதுதான் ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் தப்பு. கேட் 5இ வகை லேன் கேபிளில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வண்ண வரிசையிலும் இதே கவனம் வேண்டும். இரு முனையிலும் ஒரே தப்பான வரிசையில் போட்டாலும் மின் இணைப்பு கிடைக்கும். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஒரு சைகையின் இரு பாதியும் வெவ்வேறு முறுக்கில் போவதால் வேகம் விழுந்துவிடும். விளக்கு எரிவதும் வடம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. குறுக்கு வடம் என்று பாடத்தில் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: இன்றைய கருவிகள் எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் பெறுவது என்பதைத் தாமே சரிசெய்துகொள்வதால் அது பெரும்பாலும் வரலாற்றுப் பாடமாகிவிட்டது.

கேட் 5இ வடம் 100 மீட்டருக்கு 1 ஜிகாபிட் வேகம் தரும். கேட் 6 அதே தூரத்துக்கு அதே வேகத்தையும், 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட்டையும் தாங்கும். கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் 10 ஜிகாபிட். எல்லாவற்றிலும் 100 மீட்டர் என்பது எல்லை. கேட் 5இ வடத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் சைகை 100 மீட்டரில் ஏறத்தாழ 22 டெசிபெல் இழக்கிறது. அதாவது நூறில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் கண்ணாடியின் அருமை தெரியும்.

செம்புக்கு மற்றவற்றிடம் இல்லாத ஒரு குணம் உண்டு: தகவலோடு மின்சாரத்தையும் கொண்டுபோகும். கண்காணிப்புக் கேமராவும் கூரையில் பொருத்திய வைஃபை பெட்டியும் தனி மின்வயர் இல்லாமல் லேன் கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வது இதனால்தான். இங்கேதான் சந்தையில் ஒரு கண்ணி இருக்கிறது. 305 மீட்டர் லேன் கேபிள் பெட்டி வழக்கத்தைவிட மலிவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தில் மின்தடை கூடுதல்; மின்சாரம் ஏற்றினால் சூடாகும், தூரம் போனால் சைகை தேயும், நாலு தரம் மடக்கினால் முறியும். கேட் வகைத் தரத்தில் அதற்கு இடமே இல்லை. கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்துவிடும். பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கும்போது இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும்.

இணையச்சு வடத்தை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் காப்புப் பொருள், அதைச் சுற்றிப் பின்னல் உறை, மேலே தோல். ராபர்ட் மெட்காஃப் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஈதர்நெட்டை வகுத்தபோது இந்த வடத்தில்தான் ஓடவிட்டார்; வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். பின்னாளில் தடித்த வடம் 500 மீட்டருக்கும் மெல்லிய வடம் 185 மீட்டருக்கும் பயன்பட்டன. ஒரே வடத்தில் எல்லாக் கணினிகளும் தொற்றிக்கொண்டிருந்ததால், ஒரு முனை கழன்றால் வரிசை முழுவதும் செத்துவிடும். கணினி வலையமைப்பிலிருந்து அது விலகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக் கூரையிலிருக்கும் டிஷ் ஆன்டெனாவிலிருந்து தொலைக்காட்சிக்கு வரும் கறுப்பு வடமாக அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மாணவர்களுக்குக் காட்ட அதுவே போதும்.

இனி கண்ணாடி. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரோல்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் நேச்சர் இதழில் எழுதினார். ஆனால் அது மீட்டர் கணக்குக்குத்தான் ஆனது. அன்றைய கண்ணாடியில் ஒளி கிலோமீட்டருக்கு 1,000 டெசிபெல் அளவுக்குத் தேய்ந்தது. 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோவில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள இரும்பு போன்ற கலப்புகளில்தான் என்றும், அவற்றை நீக்கி இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைபேசிக்குப் போதும் என்றும் வாதிட்டார்கள். நான்கே ஆண்டில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெல் இழையை இழுத்துக் காட்டினார்கள். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 1,550 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே இழக்கிறது. செம்பு 100 மீட்டரில் தொலைப்பதைக் கண்ணாடி தொலைக்க 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. ஏன் எல்லா நெடுந்தூரப் பாதையும் கண்ணாடிக்கு மாறியது என்பதற்கு இதைவிட நல்ல விடை இல்லை.

இழையின் வெளி விட்டம் 125 மைக்ரான், தலைமுடிக்கு ஒப்பானது. ஒளி ஓடும் உட்கரு, ஒற்றைப் பாங்கு இழையில் 9 மைக்ரான் அளவே. உட்கருவின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள உறையைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால் ஒளி வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. கூர்மையாக மடக்கினால் அந்தக் கோணம் கெட்டு ஒளி கசிந்துவிடும். ஃபைபரை ஆணியில் சுற்றி மாட்டியிருக்கும் வீடுகளில் இணையம் சுணங்குவதன் காரணம் பல நேரம் அதுவே. அறுந்தால் செம்பைப் போல் முறுக்கி ஒட்ட முடியாது. இரு முனையையும் நேராக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒன்றாக்க வேண்டும். ஸ்ப்ளைசிங் என்று களத்தில் சொல்லப்படும் இந்த வேலைக்குத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை. முனையில் ஒரு தூசி ஒட்டினாலும் 9 மைக்ரான் வாசல் அடைபட்டுப் போகும். இன்னொன்றையும் மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: இழையில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதால் இல்லை என்று நினைத்து முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் தனிப்பாதை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. வீடுகளுக்கு இழை தரும் ஜிபான் என்ற முறையில் இணைப்பகத்திலிருந்து கிளம்பும் ஓர் இழை, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் இறக்கமும் 1.25 ஜிகாபிட் ஏற்றமும் அத்தனை வீட்டுக்கும் பொது. இறங்குவதற்கு 1,490 நானோமீட்டர் ஒளி, ஏறுவதற்கு 1,310. இரு திசையும் ஒரே இழையில் முட்டாமல் போய்வருகின்றன.

கம்பியில்லாப் பக்கத்தில் வரலாறு கல்கத்தாவையும் தொட்டுச் செல்கிறது. ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை ஆய்வகத்தில் காட்டிய சில ஆண்டுகளில், 1895இல், ஜகதீச சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவு அலைநீளமுள்ள கதிர்களை உண்டாக்கிச் செய்துகாட்டினார். இன்று 5ஜி பேசுவோர் புதிதாகக் கண்டதுபோல் சொல்லும் மில்லிமீட்டர் அலை அவருடைய மேசையில் அப்போதே இருந்தது.

வெட்டவெளியில் அலைக்குச் சுவர் இல்லை. எல்லாப் பக்கமும் விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகும். அதிர்வெண் குறைந்த அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அந்தப் பகுதியில் அகலம் கிடைப்பது குறைவு. அதிர்வெண் கூடினால் அகலம் கூடும், எட்டும் தூரம் குறையும். கைபேசிச் சேவையில் 700 மெகாஹெர்ட்ஸுக்கும் 26 ஜிகாஹெர்ட்ஸுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வீட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மாடிவரை எட்டுவதும், 5 ஜிகாஹெர்ட்ஸ் அடுத்த அறையிலேயே தளர்வதும் இதன் சிறிய வடிவம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேல்விழாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் முப்பது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் இரைகிறது. தண்ணீர் மூலக்கூறு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால்தான் அடுப்பு வேலை செய்கிறது என்று சில வழிகாட்டி நூல்களில் காணப்படும் விளக்கம் பிழை. அந்த அதிர்வெண் உரிமம் தேவைப்படாத பட்டையில் இருப்பதால் அடுப்புக்கும் வைஃபைக்கும் ஒதுக்கப்பட்டது, அவ்வளவே.

வைஃபையில் பொதுவாக ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. அங்கே நார்மன் ஆப்ராம்சன் குழு 1971இல் அலோஹாநெட் என்ற ரேடியோ வலையமைப்பை ஓட்டியது. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் சைகைகள் மோதிக் கெடும். இருவரும் தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. மெட்காஃப் அந்த யோசனையை எடுத்து மேம்படுத்தி, காற்றிலிருந்து வடத்துக்குள் கொண்டுவந்தார். வெளியெங்கும் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் நம்பப்பட்ட ஈதரின் பெயரை வடத்துக்கு வைத்தார். 1997இல் முதல் வைஃபை தரம் வந்தபோது அதே யோசனை, இன்னொரு திருத்தத்தோடு, மீண்டும் காற்றுக்குப் போனது. கம்பியும் காற்றும் போட்டியாளர் என்று கற்பிப்பவர்கள் இந்த இருவழிக் கொடுக்கல் வாங்கலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கம்பி போக முடியாத இடத்தில் காற்றுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, வீட்டுக்கு வீடு செம்பு இழுக்கும் செலவைத் தவிர்க்க கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பை உருவாக்கியது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களுக்கு 2000களின் தொடக்கத்தில் இணையம் அப்படித்தான் போனது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுப்புற ஊர்களில் உள்ள பார்வை மையங்களோடு பல கிலோமீட்டர் தூர வைஃபை இணைப்பில் பேசியது. மையத்துக்கு வந்த நோயாளியை மருத்துவர் தேனியில் இருந்தபடி திரையில் பார்த்தார். திசை ஆன்டெனாவால் அலையைக் குவித்துத் தூரத்தை வென்றுவிடலாம். ஆனால் சாதாரண வைஃபை, பதில் கிடைக்கும் நேரத்தை வீட்டு அளவுக்குக் கணக்கிட்டிருப்பதால், தூரத்திலிருந்து பதில் வருவதற்குள் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கும். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காத்திருப்பு முறையை மாற்றி, முறை வைத்துப் பேசும்படி திருத்தி எழுதினார்கள். ஊடகத்தின் குணம் மென்பொருளின் விதியைத் தீர்மானிப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புளூடூத்தும் அகச்சிவப்பும் அறைக்குள்ளான விவகாரங்கள். ஒன்று நொடிக்கு 1,600 முறை தடம் தாவுகிறது, மற்றொன்று சுவரைத் தாண்டாது. நுண்ணலைக் கோபுரங்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலே கனமழை அவற்றின் சைகையைத் தேய்த்துவிடும்.

செயற்கைக்கோளைப் பற்றிச் சொல்ல அந்தமானைவிடப் பொருத்தமான இடம் இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஒருமுறை ஏறி இறங்கி, பதில் ஒருமுறை ஏறி இறங்க, ஒளி வேகத்திலேயே அரை நொடி ஆகிறது. எந்தக் கருவியாலும் அதைக் குறைக்க முடியாது. தீவுகள் முழுவதும் ஆண்டாண்டு காலம் அந்த அரை நொடியோடும், செயற்கைக்கோளில் கிடைத்த குறுகிய அகலத்தோடும் காலம் தள்ளின. 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி சென்னையிலிருந்து அன்றைய போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி இழை திறக்கப்பட்டது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் வெட்டவெளியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான், நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஆனாலும் சென்னைக்கும் தீவுத் தலைநகருக்கும் நடுவே நேர்க்கோட்டில் 1,400 கிலோமீட்டர் அளவே என்பதால், போய்வர 15 மில்லிநொடி போன்ற நேரமே ஆகிறது. மெதுவான ஊடகம், குறுகிய பாதையால் வேகமான ஊடகத்தை முந்துகிறது. 550 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரத்தில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் காத்திருப்பைக் குறைக்கின்றன. அவற்றுக்கும் தரையில் வாசல் நிலையங்கள் வேண்டும், அந்த நிலையங்களுக்குக் கண்ணாடி இழை வேண்டும்.

கடலடி வடத்தில் இழை மட்டும் இல்லை. அதற்குள் ஒளியைப் பெருக்கும் கருவிகளுக்கு மின்சாரம் தர ஒரு செம்புக் குழாயும் ஓடுகிறது. கண்ணாடியின் நீண்ட பாதையையும் செம்பே தாங்குகிறது. அந்த வடமும் முறியாத ஒன்றல்ல. பழுதுகளில் பெரும்பாலானவை மீன்பிடி வலைகளாலும் கப்பல் நங்கூரங்களாலும் நேர்பவை. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு வடங்கள் அறுந்தபோது இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் பாதி அளவு போய்விட்டது. காற்றில் இணையம் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு அன்று வைஃபை குறி முழுதாகத்தான் தெரிந்தது. பக்கம்தான் திறக்கவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் காட்டப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரே கணினியை முதலில் வைஃபையிலும் பிறகு லேன் கேபிளிலும் இணைத்து, பக்கத்திலுள்ள ரவுட்டருக்குப் பிங் அனுப்பினால், வைஃபையில் எண்கள் எகிறி எகிறி இறங்குவதையும் வடத்தில் அசையாமல் நிற்பதையும் மாணவர் கண்ணாலேயே காணலாம். நிறை குறை அட்டவணைக்குப் பதிலாக, தங்கள் வீட்டுக் கைபேசியிலிருந்து சென்னைக் கடற்கரை வரை எந்த இடத்தில் காற்று, எந்த இடத்தில் செம்பு, எந்த இடத்தில் கண்ணாடி என்று ஒரு படம் வரையச் சொல்லுங்கள். அடுத்த பாடவேளைக்கு ஒரு மீட்டர் லேன் கேபிளும் ஒரு பிளேடும் கொண்டுபோனால் போதும்.